நல்ல தண்ணீர்க் கிணறு

செம்புத் தண்ணீரை வாயில் விட்டதுமே கந்தவனத்தாருக்குத் தெரிந்துவிட்டது, வாங்கினால் இந்த வீட்டைத்தான் வாங்கவேண்டும் என்று.

அரியாலையில், கடல் நீரேரிக்கு இவ்வளவு கிட்ட, இப்படியொரு தண்ணீர். இவருடைய அச்சுவேலிச் செம்பாட்டு மண் கிணறுகள்கூட இதனிடம் பிச்சை வாங்கவேண்டும்.

விழுங்கத்தான் ஆசை. ஆனால் கிணற்றடியில், உடுப்புத் தோய்க்கிற கல்லில், இன்னொரு மனிதர் சால்வையும் குடையுமாக இருந்துகொண்டு இவர் வாயையே பார்க்கிறாரே.

வீடு விலைக்கு வருகிறது என்று தரகர் தம்பிஐயா காதில் போட்டது நேற்றுப் பின்னேரம். அதற்குள் இன்னொருத்தன் இவருக்கு முந்தி வந்து குந்தியிருக்கிறான் என்றால், அந்தத் தரகன் எத்தனை காதில் போட்டிருப்பான்?

வீடு கைவிட்டுப் போகக்கூடாது. மகள் ஞானாம்பிகைக்கு வந்த சம்பந்தமெல்லாம் ஒவ்வொன்றாய்த் தட்டிப்போய், கடைசியில் இந்த மாப்பிள்ளை வந்து வாய்த்திருக்கிறான். அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கர். சாதகமும் பொருந்திவிட்டது. பேச்செல்லாம் தம்பிஐயா வாய்வழியாகத்தான் நடக்கிறது. மாப்பிள்ளை பகுதி பிடித்த பிடி ஒன்றுதான்: பட்டணத்துக்குக் கிட்ட, நல்ல தண்ணீர்க் கிணற்றோடு ஒரு வீடு சீதனமாக எழுதவேண்டும். வீடு இல்லையென்றால் கலியாணமும் இல்லை.

இதெல்லாம் விற்கிறவளுக்குத் தெரிந்தால் விலை எங்கே போய் நிற்கும்? அதனால்தான் தரகரையும் விட்டுவிட்டுத் தனியாக வந்தார். பெயரை மாற்றித் தம்பிராசா என்றார். சுருட்டுக் கொட்டில் போட இடம் தேடுகிறேன் என்றார். ஊரை மட்டும் மறைக்கத் தோன்றாமல் அச்சுவேலி என்று சொல்லிவிட்டார். அச்சுவேலிப் புகையிலைக் கந்தவனம் வந்திருக்கிறார் என்றால் கத்தரிக்காய் விற்கிறவள்கூட விலையைக் கூட்டிச் சொல்லுவாள்.

வீட்டுக்காரி பத்மாவதி அவசரத்தில் இருக்கிறவள். புருசன் மலாயாவில் ரயில்வேயில் வேலை. பிள்ளைகளோடு கப்பலேற நாளும் குறித்தாயிற்று. கல்லில் இருக்கிறவர் யாரென்று அவளாகச் சொல்லவில்லை. இவரும் கேட்கவில்லை. போட்டிக்கு வந்தவனைப் போய் யாராவது சுகம் விசாரிப்பார்களா?

கந்தவனத்தார் தண்ணீரைக் கொப்பளித்து வாழையடியில் துப்பினார். கல்லில் இருக்கிறவருக்கும் கேட்கிற மாதிரித் துப்பினார்.

“சவர்த் தண்ணி, தங்கச்சி. நாக்கிலை வைக்கேலாமல் உப்புக் கரிக்குது.”

கல்லில் இருந்தவர் திடுக்கிட்டு நிமிர்ந்தார்.

அது போதும் இவருக்கு. சந்தையில் பழகின வாய், இனி நிற்குமா? சுவரைத் தட்டிக் கறையான் என்றார். கூரையை அண்ணாந்து பார்த்து, மாரிக்குத் தாங்காது என்றார். கடைசியாக வாசலைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

“எனக்கென்ன, கொட்டில்தானே போடப்போறன். குடியிருக்க வாறவைதான் பாவம். உந்த வாசலுக்குள்ளாலை கால் வைக்கிற புதுப்பொம்பிளை தழைக்கமாட்டாள்.”

சொல்லும்போது நாக்கு ஒருதரம் கூசத்தான் செய்தது. வியாபாரத்தில் இதெல்லாம் பார்க்க முடியுமா என்று விட்டுவிட்டார்.

கல்லில் இருந்தவர் எழும்பி வந்து, கந்தவனத்தாரின் இரண்டு கையையும் பிடித்து, பெரிய உபகாரம் செய்தீர்கள் என்றார். வேலிப் படலையடியில் நின்று பத்மாவதியிடம் ஏதோ சொன்னார். குடையை விரித்துக்கொண்டு விறுவிறென்று போய்விட்டார்.

போட்டிக்காரன் கும்பிட்டுவிட்டுப் போகிற வியாபாரத்தைக் கந்தவனத்தார் தன் சீவியத்தில் கண்டதில்லை. வாய்க்குள் சிரித்துக்கொண்டார்.

பிறகென்ன, அவர் கேட்ட விலைதான். வெற்றிலையில் வைத்து அச்சாரத்தை நீட்டினார். பத்மாவதி வாங்கிக் கண்ணில் ஒற்றி, சேலைத் தலைப்பில் முடிந்தாள். முடிந்த பிறகுதான் வாயைத் திறந்தாள்.

“அவர் வீடு வாங்க வந்த ஆளில்லை, அண்ணை. நீங்கள் அப்பிடி நினைச்சால் விலை ஏறுமெண்டு நானும் பேசாமல் நிண்டனான்.”

கெட்டிக்காரிதான். ஆனால் கடைசியில் வென்றது யார்?

“அப்ப என்னத்துக்கு வந்தவர்?” என்று சிரித்துக்கொண்டே கேட்டார்.

“மட்டுவில் ஆள். மகன் கச்சேரியிலை கிளாக்கராம். பொம்பிளை பகுதி இந்த வீட்டைத்தான் வாங்கிச் சீதனமாய் எழுதப்போகினமெண்டு தரகர் போய்ச் சொன்னவராம். தண்ணி எப்பிடியெண்டு பாக்க வந்தவர். நான் அள்ளிக் குடுக்க முந்தி நீங்கள் வந்திட்டியள்.”

கந்தவனத்தார் கிணற்றுத் துலாக்காலைப் பிடித்துக்கொண்டார். சம்பந்தியின் முகத்தை அவர் முதன்முதல் பார்த்தது இன்றைக்குத்தான்.

பிடித்த கையை விட்டுவிட்டுப் படலைக்கு ஓடினார். வெளியே ஒழுங்கையில் கண்ணுக்கெட்டின தூரம் வரை குடையைக் காணவில்லை.

“இனி உந்தச் சம்பந்தமே வேண்டாமெண்டு சொல்லிப்போட்டுப் போறார்” என்றாள் பத்மாவதி. “இப்பிடியொரு வீட்டைத் தலையிலை கட்டப் பாத்தவங்கள், பெட்டையை எப்பிடி வளத்திருப்பாங்கள் எண்டு கேக்கிறார்.”

கந்தவனத்தார் கிணற்றடிக்குத் திரும்பி வந்து, செம்பில் மிச்சமிருந்த தண்ணீரை மடமடவென்று குடித்தார். ஒரு சொட்டுக்கூட மிச்சம் வைக்கவில்லை.

பத்மாவதி அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“பொம்பிளை பகுதியும் அச்சுவேலிதானாம். கந்தவனமெண்டு ஒரு புகையிலை யாவாரி. தம்பிராசா அண்ணை, உங்களுக்கு ஆளைத் தெரியுமோ?”