ஆத்தாவுக்கு ஒரு மிஷின்

"ஆத்தாவுக்கே மிஷின் மாட்டப் போறியா? நல்லாக்கீதுடி உன் படிப்பு!" முனியம்மாள் முறத்தைப் பொத்தென்று கீழே வைத்தாள்.

"ஆத்தாவுக்கு இல்லம்மா, அண்ணிக்கு" என்றாள் மகள் வெண்ணிலா. திண்டிவனத்தில் இன்ஜினீயரிங் காலேஜில் டீச்சர். நெற்றியில் கட்டும் ஒரு பட்டையும் கறுப்புப் பெட்டியுமாக அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள். மூளையில் ஓடுவதை அந்தப் பெட்டி இசையாக மாற்றிவிடும். காலையில் அண்ணன் பூவரசன் தலையில் மாட்டியபோது தகர டப்பாவை உருட்டிவிட்ட மாதிரி சத்தம் வந்தது. வீடே சிரித்தது.

பூவரசன் மனைவி காந்திமதி மேல் வெள்ளிக்கிழமைதோறும் மதியம் அம்மன் வருவாள். முன்பு மாமியார் முனியம்மாள் மேல் வந்தவள்தான். மருமகள் வந்த பிறகு ஆளை மாற்றிக்கொண்டாள். அம்மன் இறங்கிய உடம்பை மறுநாள் விடியும்வரை யாரும் வேலை ஏவக்கூடாது. அது அந்த வீட்டு வழக்கம். அன்றும் வெள்ளிக்கிழமை.

"நீ மாட்டு வெண்ணிலா. எல்லாம் டிமிக்கி" என்றான் பூவரசன். "மல்லாட்டை புடுங்க ஆள் கெடைக்காம பேஜாரா கீது. அவ நடிக்கிறான்னு மட்டும் தெரியட்டும், வெள்ளிக்கிழமை மதியமும் கொல்லைக்குத்தான்."

"அது எப்பிடிடி தெரியும்?" என்றாள் முனியம்மாள்.

"நடிக்கிறவங்களுக்கு மண்ட சும்மா இருக்காதும்மா. அடுத்து இன்னா பேசலாம்னு ஓடிக்கினே இருக்கும். பொட்டி கடகடன்னு கத்தும். கத்தலைன்னா மெய்யாலுமே சாமிதான்."

"வேணாம்டி, கண்ணு அவிஞ்சிரும்!" முனியம்மாள் குறுக்கே வந்து நின்றாள். யார் கேட்டார்கள்?

காந்திமதி நாலு மணிக்கு எழுந்து பால் கறந்து, சோறாக்கி, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, உச்சிப்பொழுதுவரை நிலக்கடலைக் கொல்லையில் குனிந்து நிமிர்ந்துவிட்டு வந்து உட்கார்ந்திருந்தாள், பாவம். பட்டையைக் கட்டியதுமே பெட்டி தகரமாக அலறியது. பூவரசன் தங்கையைப் பார்த்துக் கண்ணடித்தான்.

வெண்ணிலா கற்பூரம் ஏற்றினாள். காந்திமதி கண்ணை மூடினாள். தலை சாய்ந்தது.

"ஏய்ய்... இந்த ஒடம்ப எவனும் தொடக் கூடாதுடா!"

பெட்டியின் அலறல் சட்டென்று நின்றது. புல்லாங்குழல் மாதிரி ஒரே ஒரு ஸ்வரம், மெல்ல, நீளமாக இழுத்துக்கொண்டே போனது.

வெண்ணிலா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "தூங்குற கொழந்தைக்குத்தாண்ணே இப்படி வரும். சாமியேதான்!"

பூவரசன் தடாலென்று மனைவி காலில் விழுந்தான்.

எல்லோரும் வெளியே போன பிறகு, உள்ளறையில் முனியம்மாள் மருமகளுக்குப் பாய் விரித்தாள். காந்திமதி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இனிமே மறைக்க முடியல அத்த. எம்மேல எந்த ஆத்தாவும் வரல. கண்ண மூடிக்கினா யாரும் என்னை எதுக்கும் கூப்பிட மாட்டாங்க. அப்பதான் மனசு அக்கடான்னு கீது..."

முனியம்மாள் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"மெதுவாப் பேசுடி. நான் மட்டும் இருவது வருசமா எதுக்கு ஆடுனேன்னு நெனைக்கிற? பேசாம தூங்கு."