கல்லில் முளைத்த நரை

இதையா பதினோரு வருடமாகத் தேய்த்துக் கொன்றேன்? குளியலகத்தைக் கழுவுகிறவளால் நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. கந்தக ஊற்று பாயும் வாய்க்காலில் தினமும் முளைக்கும் வெள்ளை இழைகளுக்கு அவள் வைத்த பெயர் நரை. அந்த நரை இப்போது கண்ணாடித் துண்டில் மெல்ல நெளிகிறது. ஒவ்வொரு இழைக்குள்ளும் கந்தக மணிகள் பொடிப்பொடியாக மின்னுகின்றன. "அழுக்கில்லக்கா, அத்தனையும் உயிர். கோடிக்கணக்குல கூடிக் குடித்தனம் நடத்துது," என்கிறாள் ஆய்வுக்கு வந்திருக்கும் பெண். கழுவுகிறவள் தன் கையைப் பார்க்கிறாள். காலையில் தேய்த்த விரல்களில் அழுகிய முட்டை வாடை இன்னும் போகவில்லை. நகக்கண்ணில் ஓர் இழை ஒட்டியிருக்கிறது. குளியலகத்தை நடத்தும் கொழுந்தன் பிளீச்சிங் பவுடர் வாளியோடு வந்து நிற்கிறான். "அண்ணி, குளிக்க ஆளுங்க வந்தாச்சு. உங்க நரையைச் சீக்கிரம் மழிங்க, இல்லேன்னா வேற ஆளைப் பாத்துக்குறேன்," என்று சிரிக்கிறான். அவள் பிரஷை அவன் வாளிமேல் சத்தமில்லாமல் வைக்கிறாள். "பாத்துக்குங்க, தம்பி."