பால்சட்டிக்கு வந்த ரோஷம்

ஒரு வீட்டில் கிரகப்பிரவேசம். புதுப் பால்சட்டிக்கு மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, அடுப்பில் ஏற்றினார்கள். பால் நுரைத்து வழிந்ததும் வந்தவர்களெல்லாம் குலவையிட்டார்கள். வீட்டுக்காரி சொர்ணத்தாய் சட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். சட்டிக்குப் பெருமை தாங்கவில்லை.

மறுநாள் காலையிலும் அதே ஆசையோடு பொங்கிக் காட்டியது.

"பாழாப்போன சட்டி! அடுப்பையே நாறடிச்சிட்டியே!" என்று ஓடிவந்தாள் சொர்ணத்தாய். சட்டியை ணங்கென்று இறக்கி, தேங்காய் நாரால் தோலை உரிக்கிற மாதிரி தேய்த்தாள்.

சட்டிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "ஏன் அடுப்பண்ணே, நேத்துப் பொங்கினா மகாலட்சுமி, இன்னிக்குப் பொங்கினா மூதேவியா? இது எந்த ஊரு நியாயம்?"

"நேத்து நாலு பேரு பார்த்தாங்க தங்கச்சி. இன்னிக்கு அவ ஒருத்தியே துடைக்கணும்ல?" என்றது அடுப்பு.

சட்டி அதோடு பொங்குவதை விட்டுவிட்டது. எவ்வளவு கொதித்தாலும் பாலை விளிம்புக்குள்ளேயே இழுத்துப் பிடித்துக்கொள்ளும்.

கொஞ்ச காலம் கழித்து சொர்ணத்தாய் தன் மகளுக்கு மாடியில் வீடு கட்டினாள். ராசியான சட்டி என்று அதையே, அதே அடுப்போடு மேலே கொண்டுபோனார்கள். மறுபடி மஞ்சள், மறுபடி பொட்டு. பால் கொதித்தது, விளிம்பு வரைக்கும் ஏறியது, அங்கேயே நின்றுவிட்டது.

"நல்ல நேரம் முடியப்போகுதே!" என்று யாரோ பதறினார்கள். சொர்ணத்தாய் இரண்டு கையையும் கூப்பினாள். "பொங்கும்மா! என் ராசாத்தில்ல, பொங்கு!"

"பாவம், கெஞ்சுறா பாரு. பொங்கிடேன் தங்கச்சி," என்றது அடுப்பு.

"பொங்குறேண்ணே. முதல்ல அந்தத் தேங்கா நாரைத் தூக்கித் தெருவுல போடச் சொல்லு!"