தபால் வந்துச்சா?

“தபால் வந்துச்சாம்மா?”

செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலிருந்தே மகள் கேட்டாள். ஒரு மாதமாகத் தினமும் இதே கேள்விதான்.

“வரலடா குட்டிமா. வந்தா உங்கிட்ட சொல்லாம வேற யார்கிட்ட சொல்லப்போறேன்?” என்றாள் அம்மா. வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்ததால் முகத்தைத் திருப்பிக்கொள்ளச் சாக்கு தேட வேண்டியிருக்கவில்லை.

தபால் வந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. அவள் வேலை பார்க்கும் பார்லரில், துவைத்து மடித்த துண்டுகளுக்கு அடியில் பத்திரமாக இருக்கிறது. பல்கலைக்கழகத்தின் பழுப்பு உறை. உள்ளே ‘தங்களுக்கு இடம் வழங்கப்படுகிறது’ என்று ஒரு கடிதமும், கையெழுத்துப் போட்டுத் திருப்பித் தரவேண்டிய சம்மதப் படிவமும். இருபதாம் தேதி மாலை ஐந்து மணிக்குள் தராவிட்டால் இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

கடிதத்தின் மூலையில் ‘இரண்டாம் பிரதி’ என்று ஊதா நிறத்தில் ஒரு முத்திரை வேறு. எதிலாவது முத்திரை குத்தாவிட்டால் ஆபீஸ்காரர்களுக்குச் சோறு இறங்காது என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டாள்.

மகளின் படிப்பின் மேல் அவளுக்கு என்ன பகை? பகையெல்லாம் பல்கலைக்கழகம் இருக்கும் அந்த ஊரின் மேல்தான். ஏழு வருஷத்துக்கு முன் “நமக்கு ஒத்துவராது” என்று இரண்டே வார்த்தையில் கணக்கை முடித்துவிட்டுப் போன மனுஷன், அங்கேதான் டயர் கடை போட்டு, கடைக்கு மேலேயே ஒற்றை அறையில் ஒண்டியிருக்கிறார். பிறந்தநாளுக்கு ஒரு போன், பரீட்சைக்கு ஒரு ‘நல்லா எழுது’. அப்பா உத்தியோகம் அத்தோடு சரி.

நாலு வருஷம் அந்த ஊரில் இருந்தால் பிள்ளை அந்தப் பக்கம் சாய்ந்துவிடும். ஊரார் தலையையெல்லாம் அலசி, நின்று நின்று கால் மரத்துப்போய் வளர்த்தவளுக்குக் காலி வீடுதான் மிஞ்சும். உள்ளூர்க் கல்லூரியில்தான் இடம் இருக்கிறதே, இருபதாம் தேதி மட்டும் தாண்டட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். நாளைக்கு இருபது.

“எனக்கு அவ்வளவு அறிவு இல்லபோலம்மா,” என்றாள் மகள், சாப்பிட உட்கார்ந்தபடி. “தகுதியில்லன்னா அதையாவது எழுதிப் போட்டிருக்கலாம்ல?”

“அப்படியெல்லாம் பேசாதடா.”

மகள் கொஞ்ச நேரம் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்விட்டாள்.

மறுநாள் காலை பார்லரில் அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஒரே தலைக்கு மூன்று தரம் ஷாம்பூ போட்டாள்.

“ஏம்மா, என் தலையில அவ்வளவு அழுக்கா?” என்று வாடிக்கைக்காரி கேட்டபோதுதான் சுயநினைவு வந்தது. பெற்ற பிள்ளையை முட்டாள் என்று நம்பவைத்துத்தான் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டுமா? சீ, நானெல்லாம் ஒரு தாயா என்று தன்மேலேயே அருவருப்பாக வந்தது.

துண்டுகளைத் தள்ளிவிட்டு உறையை எடுத்தாள். “அக்கா, நான் வீட்டுக்குப் போறேன்.”

“பாதித் தலையை விட்டுட்டா?” என்று முதலாளியம்மா போட்ட சத்தம் தெருமுனை வரை துரத்தி வந்தது.

வீட்டில் மகள் தன் புத்தகங்களை அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். எடைக்குப் போடுகிற அளவுக்கு மனசு விட்டுப்போச்சா என்று அம்மா பதறினாள். மூச்சு வாங்க உறையை நீட்டினாள்.

“வந்துருச்சுடா. பதிமூணு நாளைக்கு முன்னாடியே வந்துருச்சு. நான்தான் ஒளிச்சு வெச்சேன். உங்கப்பா இருக்கிற ஊராச்சே, உன்னை அந்தாளுகிட்ட விட்டுக்குடுத்துடுவோமோன்னு பயந்துட்டேன். என்னை என்ன வேணா திட்டு. ஆனா இப்பவே கையெழுத்துப் போடு. பத்தரை மணி பஸ்ஸைப் பிடிச்சா நாலு மணிக்கெல்லாம் போயிடலாம். நேர்லயே குடுத்துடலாம்.”

கத்துவாள், அழுவாள், உறையை மூஞ்சியில் எறிவாள் என்று அம்மா காத்திருந்தாள். மகள் உறையைப் பிரிக்கக்கூட இல்லை. அடுக்கிய புத்தகங்களின் மேல் அதை வைத்தாள்.

“விண்ணப்பத்துல அம்மா விலாசம், அப்பா விலாசம்னு ரெண்டு கட்டம் இருந்துச்சும்மா. நான் ரெண்டையும் நிரப்பினேன். அப்பா கடைக்கும் ஒண்ணு வந்துச்சு. போன வாரமே கையெழுத்துப் போட்டுக் குடுத்தாச்சு.”

அம்மா நாளைக் கணக்குப் போட்டாள். போன வாரமே. அப்படியானால் நேற்று வாசலில் நின்று கேட்டது எதற்கு? அறிவில்லை என்று சொல்லித் தன் முகத்தையே பார்த்தது எதற்கு? தான் பெற்ற பெண் தன்னை வேவு பார்த்திருக்கிறாள் என்பது உறைத்தபோது வலித்தது. ஆனால் கேட்க எந்த வாயை வைத்துக்கொண்டு கேட்பது?

“சரிடா. ஆனது ஆகட்டும்,” என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. “தலை இருக்கிற ஊர்ல எனக்கு வேலையா கிடைக்காது? இந்த வீட்டைக் காலி பண்ணிட்டு அங்கயே வந்துடறேன். நாம ரெண்டு பேரும் இருக்கிற மாதிரி சின்னதா ஒரு வீடு பார்த்துக்கலாம்.”

மகள் அட்டைப்பெட்டியை மூடினாள். அம்மாவின் பக்கம் பார்க்காமலே சொன்னாள்.

“வீடு நாங்க பார்த்துட்டோம்மா.”