தானாக நடக்கும் மெஷின்

புல்வெட்டும் மெஷினைத் தூக்கிப் பட்டறை மேசைமேல் வைத்தபோது மெக்கானிக்குக் கொஞ்சம் சிரிப்பாகக்கூட இருந்தது. இவ்வளவுதானா?

மனைவி மகள் வீட்டுக்குப் போய் நாற்பது நாள் ஆகிறது. தோள்வலிக்கு வைத்தியம் பார்க்கப் போயிருக்கிறாள் என்று, கேட்காதவர்களுக்கும் சொல்லி வைத்திருக்கிறார். தெருவும் தலையை ஆட்டி வைத்திருக்கிறது.

நேற்றுதான் போனை எடுத்தாள். எப்போது வருகிறாய் என்றதற்கு ஒரே பதில்.

"முதல்ல நம்ம வீட்டு மெஷினைப் பிரிச்சுப் பாருங்க. அப்புறம் கூப்பிடுங்க."

கரும்பு தின்னக் கூலியா?

ஊர் மெஷினுக்கெல்லாம் உயிர் கொடுக்கிறவர், சொந்த மெஷினைத் தொட்டு மூன்று வருடமாகிறது. பன்னிரண்டாம் நம்பர் வீட்டு டீச்சரம்மாவுடையதை மட்டும் வாராவாரம் போய்ப் பார்த்துவிட்டு வருவார். அது கன்றுக்குட்டி மாதிரி ஓடும். எண்ணெய் விட ஒன்றரை மணி நேரமா என்று தெருவில் யாரும் கேட்டதில்லை. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டதோடு சரி.

நம் வீட்டு மெஷின் நகரவே மாட்டேன் என்கிறது என்று மனைவி சொல்லும்போதெல்லாம் அவரிடம் ஒரு பதில் தயாராக இருந்தது.

"அது தானா நடக்கிற மெஷின். நீ பின்னாடியே போனாப் போதும்."

அவள் தள்ளினாள்.

பின்சக்கரத்தைக் கழற்றினார். உள்ளிருந்த பல்சக்கரம் பொக்கை வாயாகக் கிடந்தது. அதில் வெள்ளைப் பெயின்ட்டால் 7 என்று எழுதித் தனியே வைத்தார். எந்த வீட்டிலிருந்து கழற்றிய பாகமானாலும் அந்த வீட்டு நம்பரை எழுதிவிடுவது அவர் வழக்கம். ஒருவர் சாமான் இன்னொருவருடையதோடு கலந்துவிடக் கூடாது. தொழிலில் கறாரான மனிதர்.

புதுப் பல்சக்கரம் ஏறியது. ஞாயிற்றுக்கிழமை காரை எடுத்துக்கொண்டு போய் அவளைக் கையோடு கூட்டி வந்துவிடலாம்.

அடுத்தது பெல்ட் மூடி. நான்கு போல்ட்டும் கையாலேயே கழன்றன. இப்படி அரைகுறையாக முறுக்குகிற ஆள் அவரில்லையே.

பெல்ட் தேய்ந்து, வெடித்து, தொளதொளவென்று தொங்கியது. வெளியே இழுத்துத் திருப்பினார்.

முதுகில் வெள்ளைப் பெயின்ட். அவர் கையெழுத்து.

12.

கடையில் புது பெல்ட் கிடைக்காத ஒரு நாள். டீச்சரம்மாவின் முகம் வாடியிருந்தது. தன் வீட்டு மெஷினில் நல்ல பெல்ட் இருந்தது. இரண்டு நாளைக்குத்தானே என்று மாற்றி மாட்டியதை அவர் மறந்தே போயிருந்தார்.

மூடிக்குள் எங்கு பார்த்தாலும் புல்தூசும் கிரீஸும் விரல் கனத்துக்கு அப்பியிருந்தன. பெல்ட்டின் அந்த இரண்டு இலக்கங்களை மட்டும் யாரோ துணியால் அழுத்தித் துடைத்து வைத்திருந்தார்கள்.