சுவரோரம் இன்னொரு வூஃபர்

“இன்னா பாய், இன்னொன்னா? ஏற்கெனவே ஒண்ணு போட்டு எங்க உசிரை வாங்குறான், பத்தலையாமா?”

டி.வி.எஸ். வண்டியிலிருந்து வூஃபர் பெட்டியை இறக்கிக்கொண்டிருந்த சாந்த் பாஷாவைப் பக்கத்து வீட்டு ஜோதியம்மாள் வாசலிலேயே மடக்கிவிட்டாள்.

தேரடித் தெருவில் ஸ்பீக்கர் கடை வைத்திருப்பவர் சாந்த் பாஷா. கேட்டவர்களுக்குப் பெட்டி செய்து மாட்டிவிட்டு வருவதுதான் தொழில். யார் எதற்குக் கேட்கிறார்கள் என்று விசாரிக்கிற வழக்கமில்லை.

“கோபி சொல்லிவுட்டான். நான் இன்னாம்மா பண்றது?”

“பெத்த அப்பன் புத்து நோவுல கெடக்குறாரு. இவன் மூணு மாசமா ஹோம் தியேட்டர்ல வெறும் மேளமா அலற வுடுறான். உசிரு போறதுக்குள்ள சாவு மேளமா? வாத்தியார் தலையெழுத்து, இதுக்கா புள்ள பெத்தாரு!”

பாஷாவுக்கும் சுருக்கென்றது. உள்ளே படுத்திருக்கும் அருணகிரி, ஊரில் பாதிப் பேருக்கு டிரில் மாஸ்டர். பாஷாவும் அவரிடம் ஓடியவர்தான். மைதானத்தில் விழுந்து முட்டி பெயர்ந்து எவனாவது அழுதால் போதும். “என்னடா சத்தம்? வாயை மூடு! இன்னொரு ரவுண்டு ஓடு!” அந்தக் குரலுக்குத் தெருநாய்கூட ஒதுங்கிப் போகும்.

கோபி கதவைத் திறந்தான். கிரிவலப் பாதையை அகலப்படுத்தியபோது வீட்டின் முன்பக்கம் சாய்வாக வெட்டுப்பட்டதில், அந்தச் சின்ன அறை ஒரு பக்கம் குறுகி, மறுபக்கம் விரிந்து, தர்பூசணித் துண்டு மாதிரி ஆகியிருந்தது. குறுகிய மூலையில் பழைய வூஃபர். விரிந்த பக்கத்தில், ஜோதியம்மாள் வீட்டுச் சுவரை ஒட்டி வாத்தியாரின் கட்டில். வாயில் துண்டின் முனையைக் கவ்விக்கொண்டு சுவர் பக்கம் திரும்பிச் சுருண்டிருந்தார்.

மேளம் ஓடிக்கொண்டிருந்தது. பாஷா வழக்கப்படி அறையை ஒரு சுற்று நடந்து காது கொடுத்தார். மூலையில் நெஞ்சில் குத்துகிற அதிர்வு, கட்டில் அருகே வந்ததும் காணாமல் போனது. அங்கே குச்சி தட்டுகிற சத்தம் மட்டும்தான்.

“கோபி! ரூம் கோணலா இருக்குறதால ‘கும்’ சத்தம் அந்த மூலையில ஜாஸ்தி, கட்டிலாண்ட கம்மி. ஆண்டவனாப் பார்த்து சாருக்கு நிம்மதி குடுத்திருக்கான். இதையும் அந்த மூலையிலயே வெச்சுடறேன். நீ அங்க உக்காந்து கேளு.”

“வேணாம் பாய். கட்டிலாண்ட வைங்க. சுவத்தை ஒட்டி.”

“சுவரே அதிரும்யா! பக்கத்து வூட்ல இருக்குறவங்களுக்கு வேற ஒண்ணும் கேக்காது.”

“அதான் பாய் வேணும்.”

வந்ததே கோபம் பாஷாவுக்கு.

“நீயெல்லாம் ஒரு புள்ளயா? என் பொட்டிய நான் எடுத்துனு போறேன். இந்தப் பாவத்துக்கு வேற ஆளைப் பாரு!”

சொன்ன வேகத்தில் போய் சுவிட்சை அணைத்தார்.

மேளம் நின்றது. ஆனால் அறை அமைதியாகவில்லை. கன்று போட முடியாத மாடு அடித்தொண்டையில் முனகுமே, அப்படி ஒரு முனகல். அது கட்டிலிலிருந்து வருகிறது, வாத்தியாரின் குரல்தான் என்று புரியவே பாஷாவுக்குச் சற்று நேரம் பிடித்தது.

“கோபி... போடுறா அதை...” அருணகிரி துண்டை அள்ளி வாயில் திணித்துக்கொண்டே திணறினார். “ஜோதியம்மா வூட்ல கேட்டுடும்டா... போடுறா...”

கோபி ஓடிப்போய் சுவிட்சைப் போட்டான். மறுபடி மேளம். பாஷாவின் காதருகே குனிந்து சொன்னான்.

“மாத்திரைக்கு வலி அடங்கல பாய். டாக்டருங்களும் கைய விரிச்சுட்டாங்க. இத்தனை நாளா மேளத்தைப் போடச் சொல்லி, துண்டைக் கடிச்சுத் தாங்கினாரு. இப்ப பல்லெல்லாம் ஆடிப்போச்சு, கடிக்க முடியல. தெருவுல பாதிப் பேரு அவருகிட்ட ஓடினவங்க. அவரு அழுறது அவங்க காதுல வுழக் கூடாதாம். இன்னொரு வூஃபர் அவருதான் கேட்டாரு.”

கீச்சுச் சத்தத்தைச் சுவர் தடுத்துவிடும், அடித்தொண்டைச் சத்தத்தைத் தடுக்காது. அதை மூட அதே மாதிரி சத்தம்தான் வேண்டும். இது பாஷாவுக்குத் தெரிந்த தொழில். தெரிந்தும் புரியாமல் போய்விட்டது.

பெட்டியைக் கட்டிலுக்கும் சுவருக்கும் இடையில் வைத்தார். ஒயரை இணைத்துக் குமிழைத் திருகினார். சுவர் உறுமியது.

வாத்தியார் அதைக் கையால் தொட்டுப் பார்த்தார். பிறகு வாயிலிருந்து துண்டை எடுத்துவிட்டு, மூன்று மாதத்தில் முதல்முறையாக வாய்விட்டு அழுதார். இரண்டடி தள்ளி நின்ற பாஷாவுக்குத் திறந்த வாய்தான் தெரிந்தது. சத்தம் வரவில்லை.

வெளியே ஜோதியம்மாள் காத்திருந்தாள்.

“மாட்டிட்டியா பாய்? நீயும் அவனோட சேர்ந்துட்டியா? எப்பேர்ப்பட்ட மனுஷன் அவரு! இத்தனை நோவுலயும் ஒரு நாள், ஒரே ஒரு நாள் ‘அம்மா’ன்னு அவரு முனகி நான் கேட்டதில்ல!”

சாந்த் பாஷா வண்டியைக் கிளப்பினார்.

“இனிமேலும் கேக்காதும்மா.”