ஆட்சேபனை இல்லை

“என் பையனை எப்படியாவது வெளியே எடுத்துடுங்க சார். திங்கட்கிழமை அவன் வேலையில சேரணும்.”

சால்வையை இழுத்துப் போர்த்தியபடி நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள் அந்த அம்மா. காலையிலிருந்து அவள் படியேறிய மூன்றாவது வக்கீல் ஆபீஸ் இது.

“என்ன கேஸ்?” என்றார் வக்கீல்.

“கோபத்துல பிடிச்சுத் தள்ளிட்டான். எலும்பு முறிஞ்சு போச்சு.”

“எலும்பு முறிவுன்னா ஜாமீன் கொஞ்சம் கஷ்டம்தான். புகார் கொடுத்தவங்க ரொம்பக் கோபமா இருக்காங்களா?”

“கோபமெல்லாம் இல்ல சார். போலீஸ் ரெண்டு அதட்டு அதட்டி அனுப்பிடும், இவனுக்கும் புத்தி வரும்னு நெனச்சு எழுதிக் கொடுத்துட்டாங்க. விவரம் கெட்ட ஜென்மம்!”

“அப்போ வாபஸ் வாங்கச் சொல்லுங்க.”

“ஸ்டேஷன்ல போய் அழுதாச்சு. ‘நெனச்சா கொடுக்க, நெனச்சா வாங்க இதென்ன கடையா?’ன்னு விரட்டிட்டாங்க.”

வக்கீல் யோசித்தார். “ஒரே வழிதான் இருக்கு. அவங்க கோர்ட்டுக்கு வந்து, ஜாமீன் கொடுக்க ஆட்சேபனை இல்லைன்னு சொல்லணும். கால்ல விழுந்தாவது கூட்டிட்டு வாங்க.”

“கூட்டிட்டு வந்தா கேஸை எடுத்துப்பீங்களா சார்? எதிர்த்தரப்போட பேசவே மாட்டோம்னு ரெண்டு வக்கீலுங்க வாசலோட அனுப்பிட்டாங்க.”

“நான் அப்படி அனுப்ப மாட்டேம்மா. எப்போ கூட்டிட்டு வருவீங்க?”

அவள் மெல்லச் சால்வையை விலக்கினாள். வலது கை, தோள்வரை மாவுக்கட்டில் இருந்தது.

“கூட்டிட்டு வந்துட்டேன் சார்.”